அந்த ஞாயிறு நான் குடிக்காத தண்ணீர்

அன்று வெள்ளிக்கிழமை, பகல் பதினொரு மணி இருக்கும். கட்டிலைச் சுற்றித் திரை இழுத்து மூடியிருந்தது. உள்ளே இருந்தவர்கள் இவர்கள்: கட்டிலில் நான். இடப்பக்கக் கதிரையில் என் மனைவி சாந்தி, வேலைச் சட்டையோடு. அவளுக்குப் பின்னால் நின்றபடி மகள் துஷா. கால்மாட்டில் இரத்தக்குழாய்களைப் பார்க்கிற பெரிய டொக்டர், உயரமான ஒரு வெள்ளைக்காரப் பெண்மணி. அவருக்குப் பக்கத்தில் கையில் தாள்களோடு ஓர் இளம் டொக்டர். கத்திக்கொண்டிருந்த சேலைன் மெஷினின் வாயை அடைத்துவிட்டு நின்ற தாதி, கேரளத்துப் பெண். ஆறு பேர். பக்கத்துக் கட்டில் கிழவர் தன் ரேடியோவைக் குறைத்துவிட்டுக் கேட்டுக்கொண்டிருந்தார். அவரையும் சேர்த்தால் ஏழு.

டொக்டர் மெதுவாகத்தான் பேசினார். எனக்குப் பாதி விளங்கியது. ஆனாலும் மகளின் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

“அப்பா,” என்றாள் துஷா. “வலது கால எடுக்க வேணுமாம். முழங்காலுக்குக் கீழ. நாளைக்குக் காலமை.”

“விரலோ?” என்று கேட்டாள் சாந்தி.

“இல்ல அம்மா. கால்.”

“போன கிழமை விரல் எண்டுதானே சொன்னவை?”

துஷா அதை ஆங்கிலத்தில் கேட்டாள். போன கிழமை இரத்த ஓட்டத்தைத் திறந்துவிடலாம் என்ற நம்பிக்கை இருந்தது, சிறுநீரகம் குழம்பியதால் ஐந்து நாள் போய்விட்டது, கிருமி இப்போது இரத்தத்தில் கலந்துவிட்டது, காலைக் காப்பாற்றப் பார்த்தால் ஆள் போய்விடுவார் என்றார் டொக்டர். கடைசியாக, சிறுநீரகம் ஏன் அப்படித் திடீரென்று குழம்பியது என்று தங்களுக்கு இன்னும் பிடிபடவில்லை என்றும் சொன்னார்.

எனக்குத் தெரியும். அந்தத் திரைக்குள் அது தெரிந்தவன் நான் ஒருவன்தான். நான் வாயைத் திறக்கவில்லை.

இதை எழுதுவது என்னைப் போன்றவர்களுக்காக. நீரிழிவு என்கிற சீனி வருத்தம் இல்லாத எங்கள் ஆட்களின் வீடு இந்த ஊரில் குறைவு. நான் எட்டாம் வகுப்போடு படிப்பை விட்டவன். வீட்டுக்கு ஒரு கடிதம் வந்தால் பத்துத் தரம் திருப்பித் திருப்பிப் பார்ப்பேன். தலையிடி வந்தால் மூளைக்குள் கட்டி என்று நினைப்பேன். அப்படிப்பட்டவன், உண்மையாகவே வருத்தம் வந்தபோது அதைக் காணவில்லை. காரணம், நோகவில்லை.

லண்டனில் சட்டன் என்ற இடத்தில் வீடு. தமிழ்க் கடைகளுக்குச் சாமான் இறக்கும் வான் ஓட்டம்தான் வேலை. புதுச் சப்பாத்து வலது பெருவிரலை உரசியிருக்கிறது. சீனி கூடினால் காலில் உள்ள நரம்பு செத்துவிடும், ஆணி ஏறினாலும் தெரியாது. காலுறையில் ஈரத்தைக் கண்டுதான் குனிந்து பார்த்தேன். விரலின் கீழே கிடங்கு விழுந்த ஒரு புண். மூன்று கிழமையில் அதற்குள் எலும்பு தெரிந்தது. கிருமி எலும்புக்குள் போய்விட்டது, மருந்து அங்கே போய்ச் சேர இரத்தம் போதாது, குழாய் அடைத்திருக்கிறது என்றார்கள். தொடையால் ஒரு மெல்லிய வயரை விட்டு, நுனியில் இருக்கிற பலூனை ஊதிக் குழாயை விரிப்பார்கள். குழாய் படத்தில் தெரிய ஒரு சாயம் ஏற்ற வேண்டும். அந்தச் சாயத்தைச் சிறுநீரகம்தான் கழிக்க வேண்டும். ஆகவே நிறையத் தண்ணீர் குடியுங்கள், திங்கட்கிழமை வாருங்கள் என்று அனுப்பினார்கள். விரல் போனாலும் கால் மிஞ்சும் என்றார்கள்.

இனி என் சமயத்தைப் பற்றிச் சொல்ல வேண்டும். அது இல்லாமல் இந்தக் கதை விளங்காது. நான் மோர்மன், அமெரிக்காவில் தொடங்கிய ஒரு கிறிஸ்தவச் சபையைச் சேர்ந்தவன். லண்டன் வருமுன் ஜெர்மனியில் அகதி விடுதியில் இருந்தபோது, வெள்ளைச் சட்டையும் டையும் கட்டிய இரண்டு பொடியள் வந்து, நான் படியில் தனியாக இழுத்துக்கொண்டிருந்த பிரிட்ஜை மூன்றாம் மாடிக்குத் தூக்கித் தந்தார்கள். அதன்பின் சொன்னவற்றுள் ஒன்று என்னைப் பிடித்துக்கொண்டது. கடவுளுக்கு உடம்பு உண்டு என்றார்கள். சதையும் எலும்புமான உடம்பு, கையும் காலும். மற்ற வேதக்காரர் சொன்ன கடவுள் எனக்குக் காற்று மாதிரி இருந்தார், எங்கே பிடிப்பது என்று தெரியவில்லை. இவர்கள் சொன்னவருக்குப் பாதம் இருந்தது. இன்னொன்றும் சொன்னார்கள். யேசு எங்கள் பாவத்தை மட்டும் சுமக்கவில்லை, எங்கள் நோவையும் வருத்தத்தையும் தன் உடம்பில் வாங்கினார், வாங்கினால்தான் நோகிறவனுக்கு எப்படி உதவுவது என்று அவருக்கே தெரியும் என்று. கடவுளுக்கும் அறிந்தது போதாது, அனுபவிக்க வேண்டியிருந்தது. அது எனக்கு நியாயமாகப் பட்டது.

சாந்தி சைவம். வெள்ளிக்கிழமை முருகன் கோயில் தவறவிட மாட்டாள். எங்களுக்குள் அதனால் சண்டை வந்ததில்லை, பகிடிதான். மோர்மன்மார் நாங்கள் தேத்தண்ணியும் கோப்பியும் குடிப்பதில்லை. “தேத்தண்ணி குடியாத யாழ்ப்பாணத்தானைக் கட்டினவள் இந்த உலகத்தில நான் ஒருத்திதான்,” என்று வருகிறவர்களுக்கெல்லாம் சொல்லுவாள்.

மாதத்தின் முதல் ஞாயிறு எங்களுக்கு உபவாசம். சனி இரவுச் சாப்பாட்டுக்குப் பிறகு ஞாயிறு பின்னேரம் வரைக்கும் சாப்பாடும் இல்லை, தண்ணீரும் இல்லை. அந்த இரண்டு நேரச் சாப்பாட்டுக் காசைக் கஷ்டப்பட்டவர்களுக்கென்று பிஷப்பிடம் கொடுப்போம். பிஷப் என்றால் அங்கி போட்ட பெரியவர் என்று நினைக்க வேண்டாம். எங்கள் பிஷப் கானா நாட்டுக்காரர், கிழமை நாட்களில் லிப்ட் திருத்துகிறவர், சம்பளம் இல்லாமல் சபையைப் பார்க்கிறார். எனது பலூன் வைத்தியத்துக்கு முந்தின நாள் அந்த முதல் ஞாயிறாக வந்தது. சபை முழுவதும் என் காலுக்காக உபவாசம் இருக்கப் போவதாகச் சொன்ன பிஷப், என் நெஞ்சில் விரலை வைத்து, “நீ இல்லை. நோயாளி இருக்கக் கூடாது. நீ சாப்பிடு, குடி,” என்றார்.

ஓம் என்று தலையாட்டினேன்.

ஆனால் என் மனம் கேட்கவில்லை. நான் வளர்ந்த வீட்டில் நேர்த்தி வைத்தவர்தான் விரதம் இருப்பார். தேவை எனக்கு, பட்டினி மற்றவர்களுக்கோ? எங்கள் சபையில் எண்பத்தொரு வயதான பிரதர் ஹாலிஸ் கூட என் விரலுக்காகத் தண்ணீர் குடியாமல் இருக்கிறார், நான் இருந்து புட்டுத் தின்கிறதோ? நான் சாப்பிட்டால் அவர்களுடைய பட்டினி வீணாய்ப் போய்விடும் என்று பயந்தேன். இந்தப் பிழையை ஒரு சுத்தச் சைவன் செய்திருக்க மாட்டான், பிறப்பிலேயே மோர்மனாக இருப்பவனும் செய்திருக்க மாட்டான். இரண்டும் கலந்த நான் செய்தேன்.

ஞாயிறு காலை சாந்தி முதியோர் இல்லத்துக்கு ஷிப்டுக்குப் போனாள். குரக்கன் புட்டும் மீன் குழம்பும் மேசையில் மூடி வைத்திருந்தாள். இரண்டு போத்தல் தண்ணீர். அவள் போனதும் புட்டைப் பின்வளவு வேலியோரம் கொட்டினேன். பகலிலேயே நரி வருகிற இடம். தண்ணீரைத் தொட்டிக்குள் ஊற்றினேன். சாப்பிடாமல் ஊசி போட்டால் மயங்கி விழுவேன் என்று சீனி ஊசியைப் போடவில்லை. பிரஷர் குளிசையையும் நீர் போகிற குளிசையையும் எச்சிலோடு விழுங்கினேன். பின்னேரம் வரைக்கும் மூத்திரம் போய்க்கொண்டே இருந்தது. சீனி கூடினால் உடம்பு தண்ணீரை வெளியே தள்ளும், நீர்க்குளிசையும் தள்ளும். உள்ளே ஒன்றும் போகவில்லை. நாக்கு அண்ணத்தோடு ஒட்டியபோது, யேசு பட்டதில் ஒரு துளி எனக்கும் என்று சந்தோஷப்பட்டேன்.

திங்கட்கிழமை இரத்தம் எடுத்தார்கள். கிரியேட்டினின் என்று ஒன்று, சிறுநீரகம் வெளியே கொட்ட வேண்டிய கழிவு. போன கிழமை நூற்றுச் சொச்சம் இருந்தது முந்நூற்றைம்பது ஆகியிருந்தது. சாயம் ஏற்றினால் சிறுநீரகம் நின்றுவிடும், இன்றைக்குப் பலூன் இல்லை என்றார்கள். இளம் டொக்டர் வந்து கேட்டார்: சத்தி எடுத்தீர்களா? வயிற்றோட்டமா? நேற்று எவ்வளவு தண்ணீர் குடித்தீர்கள்?

சாந்தி பக்கத்தில் இருந்தாள். அவள் வைத்துவிட்டுப் போன போத்தல்கள் வெறுமையாக இருந்ததை அவள் கண்டவள்.

“ரெண்டு லீட்டர் குடிச்சனான்,” என்றேன்.

மகள் என் பொய்யை நல்ல ஆங்கிலத்தில் சொன்னாள்.

அங்கேதான் எல்லாம் கவிழ்ந்தது. தண்ணீர் குடித்தவனின் சிறுநீரகம் ஏன் கெட்டது என்று அவர்கள் தேடினார்கள். எலும்புக் கிருமிக்கு முதலிலிருந்தே ஏற்றி வந்த மருந்துதான் காரணமாக இருக்கும் என்று அதை நிறுத்தி, சாதுவான வேறொன்றைப் போட்டார்கள். செவ்வாய்க்கிழமை சிறுநீரகத்துக்கு ஸ்கேன். புதன்கிழமை காலடியில் கறுப்பு ஏறியது. வியாழன் குளிர்க்காய்ச்சல், பல் அடித்தது. ஒவ்வொரு நாளும், இப்ப சொல்லு, இப்ப சொல்லு என்று எனக்குள்ளே ஒருவன் கத்தினான். பொய்க்கு ஒரு நாள் வயது கூடக் கூட அதைச் சொல்லுவது இன்னும் பாரமாகியது. சொன்னால் சாந்தி என்ன நினைப்பாள், என் சபையைப் பற்றி டொக்டர்மார் என்ன நினைப்பார்கள், பேப்பரில் போடுவார்களோ, வேலையை விட்டு நிறுத்துவார்களோ என்றெல்லாம் ஓடியது.

புதன் பின்னேரம் பிஷப்பும் இன்னொருவரும் வந்து, ஒரு துளி எண்ணெயை என் உச்சியில் வைத்து, தலையில் கைகளை வைத்து ஜெபித்தார்கள். எங்கள் வழக்கம் அது. லிப்ட் திருத்துகிற கை, பாரமான கை. சமாதானம் என்று சொன்னார், பொறுமை என்று சொன்னார், குடும்பம் என்று சொன்னார். கால் என்ற சொல் வரும் வரும் என்று கண்ணை மூடிக்கொண்டு காத்திருந்தேன். வரவில்லை. ஆமென் சொல்லிவிட்டார்.

இனி அந்த வெள்ளிக்கிழமைக்கு வருகிறேன். டொக்டர்மார் போனபிறகு சாந்தி வெளியே போய்ச் சுவரைப் பார்த்துக்கொண்டு நின்றாள் என்று துஷா சொன்னாள். இரண்டு பேரையும் கீழே போய் ஏதாவது சாப்பிடச் சொன்னேன். அந்த நேரத்தில் பிரதர் ஹாலிஸ் வந்தார், கக்கத்தில் ஒரு படப் புத்தகம், சட்டைப் பையில் பென்சில்கள்.

வீடுகளுக்குப் பெயின்ட் அடித்துச் சீவித்தவர். மாலை வகுப்பில் படம் கீறப் பழகியவர். நாற்பது வருடமாகக் கையும் காலும் மட்டுமே கீறுகிறார். எங்கள் கட்டிடத்தில் கும்பிடுகிற மண்டபத்துக்குள் படம் இல்லை, நடையில்தான் யேசுவின் படங்கள் மாட்டியிருக்கும். அவற்றைக் காணும்போதெல்லாம், “பார், எல்லாப் பாதமும் சோப்புப் போட்டுக் கழுவினது மாதிரி. மண் ரோட்டில நடந்தவற்ற கால் இதோ?” என்று முறுமுறுப்பார். அவர் சொன்னதெல்லாம் ஆங்கிலத்தில்தான், என் தமிழில் எழுதுகிறேன்.

“கேள்விப்பட்டனான்,” என்றார். “கீறட்டோ?”

“எதை?”

“உன்ர காலை. நாளைக்கு இருக்காதே.”

கோபம் வந்தது. அந்தக் காலை நான் கூட நேராகப் பார்த்து ஒரு கிழமை. மணம் வேறு. ஆனால் அவர் கதிரையை இழுத்துப்போட்டு, தாதியிடம் கேட்டு ஒரு பக்கத்துக் கட்டை விலக்குவித்து, கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு பார்க்கத் தொடங்கிவிட்டார். முகத்தைச் சுழிக்கவில்லை. பரிதாபமும் படவில்லை. பெயின்ட் அடிக்க வந்தவன் சுவரில் வெடிப்பைப் பார்க்கிற மாதிரிப் பார்த்தார்.

“நகம் ஏன் இப்பிடிப் பிளந்திருக்கு?”

“பெட்டி விழுந்தது. வெங்காயப் பெட்டி.”

“நல்ல நகம்,” என்றார். கொஞ்ச நேரம் கழித்து, தன் சப்பாத்துக்குள் விரலை அசைத்தார். “கீறேக்க எனக்கும் அதே இடத்தில நோகும். நொந்தாத்தான் கோடு சரியா வருகுது எண்டு அர்த்தம். உடம்பு எதுக்குத் தந்திருக்கு எண்டு நினைக்கிறாய்? மற்றவன்ர நோவைப் பிடிக்கிறதுக்குத்தான்.”

என்னால் தாங்க முடியவில்லை. “பிரதர், உயிர்த்தெழும்பேக்க காலைத் திருப்பித் தருவினம் எண்டு படிச்சம். எந்தக் காலைத் தருவினம்? இந்த நகத்தோடயோ?”

“தெரியாது. முழுசாத் தருவினம் எண்டுதான் சொல்லியிருக்கு. அவைக்கு ஞாபகம் இல்லாட்டில் காட்டத்தானே கீறுறன்.”

சிரிப்பு வந்தது, அதோடு அழுகையும் வந்தது. சொல்லிவிட்டேன். புட்டு, போத்தல், ரெண்டு லீட்டர், நிறுத்திய மருந்து எல்லாம். அவர் பென்சிலைப் படுக்கையில் வைத்தார்.

“உனக்காக நான் பசியிருந்தனான்,” என்றார். “நீ சாப்பிடுறாய் எண்டு நினைச்சு.”

பிறகு எழும்பி, தாதி மணியை அவரே அழுத்தினார். “மயக்க மருந்து தர முதல் அவைக்கு இது தெரிய வேணும். இப்பவே சொல்லு. நான் இருக்கிறன்.”

பெரிய டொக்டர் வந்தார். சாந்தியும் துஷாவும் திரும்பி வந்துவிட்டார்கள். முதலில் தமிழில் சாந்தியைப் பார்த்துச் சொன்னேன். துஷா டொக்டருக்குச் சொல்லும்போது அவளது ஆங்கிலம் இரண்டு தரம் நின்றது. டொக்டர் திட்டவில்லை. சொன்னதற்கு நன்றி, சேலைனைக் கூட்டுவோம், அந்த மருந்தைத் திரும்பவும் கொடுப்போம் என்றார்.

“முதலே சொல்லியிருந்தா கால் தப்பியிருக்குமோ?” என்று நானே ஆங்கிலத்தில் கேட்டேன்.

குழாய் மிகவும் மோசமாகத்தான் இருந்தது, பலூனும் தோற்றிருக்கலாம், தோற்காமலும் இருந்திருக்கலாம், தனக்குத் தெரியாது என்றார். இன்றுவரை என்னைத் தின்கிறது அந்தத் தெரியாது.

அவர் போனபிறகு சாந்தி கட்டில் விளிம்பில் இருந்தாள்.

“என்ர புட்டை நரிக்கோ போட்டனீங்கள்?”

“ஓம்.”

“மீன் குழம்பையும்?”

“அதையும்.”

“அறக்குளா. பதினெட்டுப் பவுண் குடுத்து வாங்கினது.” போர்வையின் நுனியை இழுத்துச் செருகினாள். “காலோ நரியோ எண்டு கேட்டிருந்தால் நான் நரிய வளத்திருக்க மாட்டனே. விசர் மனிசா. என்னட்டச் சொல்லியிருக்கலாமே. உங்களுக்குப் பதிலா நான் இருந்திருப்பனே விரதம், எனக்குப் பழக்கம்தானே.”

ஹாலிஸுக்குத் தமிழ் தெரியாது. மூலையில் இருந்து கீறி முடித்துக்கொண்டிருந்தார். சாந்தி எழும்பிப் போய் அவர் தோளுக்கு மேலால் பார்த்தாள். கட்டுப் போடத் தொடங்கியதிலிருந்து என் காலைப் பார்க்காதவள், தாளில் இருந்த காலை வடிவாகப் பார்த்தாள். “நகம் சரி,” என்றாள் என்னிடம். “இப்பிடித்தான் பிளந்திருக்கும்.”

வெட்டின காலை என்ன செய்வது என்று ஒரு தாளில் கேட்டார்கள். ஆஸ்பத்திரியே எரிக்கலாம், வேண்டுமென்றால் நாங்கள் வாங்கிப் புதைக்கலாம். துஷா இரண்டு தரம் வாசித்துக் காட்டினாள். எரிக்கச் சொல்லிக் கையெழுத்து வைத்தேன். என் பெயர் வேறு யாருடையதோ மாதிரி விழுந்தது.

சனிக்கிழமை காலை எடுத்தார்கள். கண் விழித்தபோது பெருவிரல் நொந்தது, இல்லாத பெருவிரல். மூளைக்குக் கால் போன செய்தி போய்ச் சேரவில்லை, நரம்பு பழைய விலாசத்துக்கே கடிதம் போட்டுக்கொண்டிருக்கிறது என்று கேரளத்துப் பெண் விளங்கப்படுத்தினாள். நரம்பு செத்து ஆணி ஏறினாலும் தெரியாத விரல், போன பிறகு நோகிறது. துஷா போர்வையில் கால் இல்லாத இடத்தைத் தன் கையால் மெதுவாகத் தேய்த்துவிடுவாள். ஏன் என்று தெரியாது, ஆறும்.

நான்கு கிழமை கழித்து வீட்டுக்கு வந்தேன். ஒற்றைக் காலோடு வான் ஓட முடியாது. சாந்தி இரட்டை ஷிப்ட் செய்தாள். பெனிபிட்டுக்கு எழுதின கடிதத்துக்குப் பதில் வரவில்லை. வீட்டுக்காரர் இரண்டு தரம் போன் எடுத்தார். அப்போது பிஷப் வந்து, இரண்டு மாத வாடகையை உபவாசக் காசிலிருந்து கட்டுகிறோம் என்றார்.

அவருக்கும் எல்லாவற்றையும் சொன்னேன். அவர் சொல்லை மீறியதை, சபையின் பட்டினியை வீணாக்கியதை. இந்தக் காசு எனக்கு வேண்டாம், இது தானாக வந்த கஷ்டம் இல்லை, நானே வரவழைத்தது என்றேன். அவர் என் வெட்டின காலின் நுனியில், கட்டுக்கு மேலே, அந்தப் பாரமான கையை வைத்தபடி முழுவதையும் கேட்டுக்கொண்டிருந்தார். பசித்தவனிடம் ஏன் பசித்தாய் என்று கேட்க எங்களுக்கு வழக்கம் இல்லை என்றார். இது கடன் இல்லை, திருப்பித் தர முடியாது, வாங்கவும் மாட்டேன் என்றார். அடுத்த நாள் வீட்டுக்காரரின் கணக்கில் காசு போய்ச் சேர்ந்தது.

அவர் கடன் இல்லை என்று சொல்லலாம். எத்தனை பேர் எத்தனை நேரம் சாப்பிடாமல் விட்ட காசு என்று எனக்குத் தெரியாது. எனக்கு இனி உபவாசம் இல்லை, டொக்டரும் பிஷப்பும் சாந்தியும் சேர்ந்து போட்ட தடை. முதல் ஞாயிறுகளில் அவர்கள் பசியோடு பாடும்போது நான் சாப்பிட்ட வயிற்றோடு சக்கர நாற்காலியில் இருக்கிறேன். போகும்போது பெயர் எழுதாத கடித உறைக்குள் இருபது பவுண் வைத்துப் பிஷப்பின் கதவுக்குக் கீழால் தள்ளுகிறேன். அவருக்குத் தெரியும் என்று நினைக்கிறேன். இதுவரை ஆறு உறை. வாடகை மாதம் ஆயிரத்து நானூற்றைம்பது, இரண்டு மாதத்துக்கு இரண்டாயிரத்துத் தொள்ளாயிரம். கொடுத்தது நூற்றிருபது. இன்னும் கொடுக்க இருப்பது இரண்டாயிரத்து எழுநூற்று எண்பது பவுண்.